காட்டேரி கடித்த கழுத்து

யாராவது பக்கத்தில் வந்து குனிந்தால் போதும், அவள் தலை தானாக இடப்பக்கம் சாய்ந்துவிடும். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கக் கண்டக்டர் குனிவார், தலை சாயும். வங்கியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்ட அங்கிருக்கும் பெண் குனிவாள், அப்போதும் சாயும். ஒரு முறை கண் பரிசோதனைக்குப் போயிருந்தாள். டாக்டர் சின்ன விளக்கோடு முகத்தருகே வந்ததும், கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கண்ணுதாம்மா பாக்கணும்" என்று அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பதினான்கு வருடப் பழக்கம் அது. அவள் வேலை அப்படி.

என்ன வேலை என்று கேட்டால் துணி தேய்க்கிறேன் என்பாள். அதுவும் பொய்யில்லை. ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் கட்டடத்தில், பின்பக்கத்துத் துணி அறையில், காட்டேரியின் கறுப்பு மேலங்கியையும் கதாநாயகியின் உடைகளையும் தேய்த்து வரிசையாக மாட்டி வைப்பாள். மீதி வேலை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். அன்றைக்கு அவளைக் காட்டேரி கடிக்கும்.

தொடரின் கதை இதுதான். முந்நூறு வயதான ரத்தக் காட்டேரிக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியைமேல் காதல். காதல் முற்றிப்போனால் அதற்குக் கடிக்காமல் இருக்க முடியாது. காதலோடு கடித்தால் உயிர் போகாது, வஞ்சத்தோடு கடித்தால்தான் போகும் என்று கதை எழுதுகிறவர் முதல் வாரமே ஒரு விதியைப் போட்டுவிட்டார். அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் ஓட்டினார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மாலை ஏழரை மணிக்குத் தொடர் வரும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு கடி.

முதல் கடி எடுத்த அன்றே தகராறு. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்துதான் ரத்தம் செய்வார்கள். அதைத் தடவிய அரை மணி நேரத்தில் கதாநாயகியின் கழுத்தில் எறும்பு ஏறிவிட்டது. "இனிமே என் கழுத்துல கை வெச்சீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய் விசிறிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். டைரக்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். தேய்த்த மேலங்கியைக் கையில் தொங்கவிட்டபடி இவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் கழுத்தக் கொஞ்சம் குடேன்" என்றார், பேனா கேட்பது மாதிரி.

கொடுத்தாள். கேமராவில் முகம் தெரியாது, காதுக்குக் கீழே தோள்பட்டை வரைக்கும்தான் தெரியும் என்றார்கள். அவளுக்கு அது வசதியாக இருந்தது. நாலு பேர் முன்னால் நின்று பெயரைச் சொல்வதற்கே நா எழாதவள் அவள். இங்கே பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், யாரையும் நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தால் போதும்.

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கழுத்து என்றே பெயராகிவிட்டது. "கழுத்து வந்தாச்சா?" "கழுத்து டீ குடிச்சாச்சுன்னா கூப்பிடுங்க." "கழுத்துக்கு ஜலதோஷமாம், இன்னிக்குக் கடிக்க வேணாம்."

கடிக்கிறவரை எல்லாரும் காட்டேரி சார் என்று கூப்பிட்டார்கள். பரம சாது. நெஞ்செரிச்சல்காரர், மத்தியானம் தயிர் தவிர வேறெதுவும் இறங்காது. ஒவ்வொரு தடவையும் பல்லை மாட்டிக்கொள்ளுமுன் அவளிடம், "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் குனிவார். மாட்டிக்கொண்டபின் சொன்னால் எச்சில் தெறிக்கும் என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுவார். பதினான்கு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இந்த ஒரு சொல்தான். அவளும் ஒவ்வொரு தடவையும், "பரவால்ல சார்" என்பாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் வீட்டுக்காரர், வீட்டுக்காரரின் அக்கா. அந்த நாத்தனார் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் ரத்தம் எடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்றார். இருபது வருடம் பழகியவர்களைக்கூட அவருக்கு முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. "முகமெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறா. கைய நீட்டச் சொல்லு, நரம்பப் பாத்து ஆளச் சொல்றேன்" என்பார். சொல்லியும் காட்டியிருக்கிறார்.

அதனாலோ என்னவோ, நாத்தனார் தம்பி மனைவியை முகம் பார்த்துப் பேசியது கிடையாது. அவள் கையில் இருக்கும் பொருளைப் பார்த்துத்தான் பேசுவார். பாத்திரத்தைப் பார்த்து, "இன்னும் அடி பிடிச்சிருக்கு" என்பார். துடைப்பத்தைப் பார்த்து, "மூலையில விட்டாச்சு" என்பார். கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், தெர்மாமீட்டரைப் பார்த்தபடி. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து அவளுக்கு விழுந்ததில்லை. துணி தேய்க்கப் போகிறாள் என்று தெரியும், யாருடைய துணி என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

முதல் கடி ஒளிபரப்பான அன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். வீட்டுக்காரரிடம் முந்தின நாளே சொல்லியாகிவிட்டது. மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காட்டேரி குனிந்தது.

"சர்க்கஸ் மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிறா பாரு, வெக்கங்கெட்டவ" என்றார் நாத்தனார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். நாத்தனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"ஆனா கழுத்துன்னா இது கழுத்து. நரம்பு எவ்வளவு தெளிவா எடுப்பா இருக்கு பாரு. இந்த மாதிரி ஒரு நரம்ப என் சர்வீஸ்ல பாத்ததில்ல."

வீட்டுக்காரர் இருமினார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் வெட்கங்கெட்டவள் என்பது அவள் தலையில் விழும், நரம்பு எடுப்பு என்பது இல்லாமலே போய்விடும். சொல்லாமல் இருந்தால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாராட்டு. நாத்தனார் ஒரு வாரம் கூடத் தவறவில்லை. கதையைத் திட்டுவார், காட்டேரியைத் திட்டுவார். "அங்க போய்க் கடிக்கிறான் பாரு. அது தசைடா. பல்லுதான் உடையும், ரத்தம் எங்க வரும்?" என்பார். கழுத்து திரையில் வந்ததும் குரல் மாறிவிடும். "பாவம், இந்தப் பொண்ணு கொஞ்சம் இளைச்சுட்டா போல." "இன்னிக்கு நல்லாத் தூங்கியிருக்கா, தோலே சொல்லுது." அவள் பின்னால் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றிச் சால்வையைப் போர்த்தியபடி, துணியை மடித்துக்கொண்டே கேட்பாள். சால்வை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சாயத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் தோல் சிவந்து கிடக்கும்.

எறும்புதான் மறைக்க முடியாத பிரச்சினை. எவ்வளவு கழுவினாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பாகு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை ராத்திரி அவள் தலையணையின் வலப்பக்கத்துக்கு எறும்பு வரிசை கட்டும். நாத்தனார் பதினான்கு வருடம் அந்த எறும்போடு போராடினார். சுவர் ஓட்டையை அடைத்தார், கட்டில் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார், எறும்புப் பொடியை மாற்றி மாற்றி வாங்கினார். "என்ன ஜென்மமோ, புதன்கிழமை ஆனா வந்துடுது" என்று அலுத்துக்கொள்வார். வீட்டுக்காரர் அப்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இதற்கிடையில் கதாநாயகி மூன்று முறை மாறினாள். ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள். கதை எழுதுகிறவர் ஆசிரியையைத் தீயில் தள்ளி, முகத்தை ஆபரேஷன் செய்து மாற்றினார். அடுத்தவளுக்கு வேறு வாய்ப்பு வந்தது. மறுபடி தீ. மூன்றாவது தடவை தீக்குப் பதிலாக அமிலம். நாத்தனார் எதற்கும் அசரவில்லை. "முகம் மாறும், அது சகஜம்" என்றார்.

பதினான்காவது வருடம் புது டைரக்டர் ஒருவர் வந்தார். கூடவே புது கேமராவும் வந்தது. சுவரில் பெரிய திரையை மாட்டி, அதில் அவள் கழுத்தைக் கதவளவுக்குக் காட்டினார்கள். குறுக்கே இரண்டு கோடு. டைரக்டர் மரியாதைக்காரர், நாற்காலி போடச் சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. கோடு தெரியுது. கதையில அவங்களுக்கு வயசு இருபத்தாறு. நீங்க தேய்க்கற வேலைய அப்படியே பாருங்க. கழுத்த மட்டும் மாத்திக்கறோம்."

அவள் தலையாட்டினாள். அவர் குனிந்து பேசியதால் தலை இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுக் கழுத்து நீளமாக, வழுவழுவென்று, ஒரு கோடும் இல்லாமல் இருந்தது. ஆனால் கூச்சம் தாங்காத கழுத்து. காட்டேரி சார் ஒரு முழம் தள்ளி வரும்போதே அந்தப் பெண் நெளிந்து சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். முதல் கடிக்கு நாற்பத்தோரு தடவை எடுத்தார்கள். காட்டேரி சார் வெளியே வந்து பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, துணி அறை வாசலில் சிறிது நேரம் நின்றார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"பரவால்ல சார்" என்றாள்.

வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. அவளைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. வெள்ளிக்கிழமை வரப்போகிறது. நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வழுவழுப்பைப் பார்த்து, "கழுத்துன்னா இது கழுத்து" என்று சொல்லிவிட்டால்? வித்தியாசமே தெரியாமல் போய்விட்டால்? அப்படியானால் பதினான்கு வருடம் அவர் பாராட்டியது அவளை அல்ல, ஏதோ ஒரு கழுத்தை. வீட்டுக்காரரிடம் சொன்னாள். "அக்கா கண்டுபிடிச்சுடும்" என்றார். பிறகு, "கண்டுபிடிக்காதுன்னும் நெனைக்கறேன்" என்றார். லிஃப்ட்காரருக்கு மேலும் தெரியும் கீழும் தெரியும், நடுவில் நிற்கத் தெரியாது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணி. அவள் துணிக்கூடையோடு பின்னால் உட்கார்ந்தாள். ஒரே துண்டை நான்கு தடவை மடித்தாள். விளம்பரம் வந்து போனது. காட்டேரி வந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. காட்டேரி குனிந்தது.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். எழுந்து போய் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார்.

"யாரு இவ?"

"அதே பொண்ணுதான் அக்கா. முகம் அதேதான" என்றார் வீட்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"முகத்த யார்ரா கேட்டா? நரம்பு எங்க? தாடைக்குக் கீழ ரெண்டாப் பிரிஞ்சு போகுமே, அது எங்க? இது வெறும் குழாய்டா. குழாய்க்குத் தோல் சுத்தி வெச்சிருக்கானுங்க."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது. ஆனால் அழுகை வரவில்லை. வந்தது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அந்தச் சமையலறையில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் அதோடு விடவில்லை. ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை, தன்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆறு பெண்களைப் பூங்காவில் கூட்டி வைத்துப் பேசினார். அவர்களும் தொடர் பார்க்கிறவர்கள். இரண்டு பேர் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். அன்று மாலை கடிதம் தயார்.

"ஐயா, தங்கள் தொலைக்காட்சியில் தினமும் மாலை ஏழரை மணிக்கு ஒளிபரப்பாகும் காட்டேரித் தொடரின் 3,588-ஆம் பகுதியில், கதாநாயகியின் கழுத்து முன்னறிவிப்பின்றி மாற்றப்பட்டுள்ளது. முன்பிருந்த கழுத்தில் வலப்பக்க ரத்தக்குழாய் தாடைக்கு இரண்டு விரற்கடை கீழே இரண்டாகப் பிரியும். தற்போதைய கழுத்தில் அவ்வாறு பிரியவில்லை. கதாநாயகியின் முகம் மூன்று முறை மாறியபோது நாங்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். உரிய கழுத்தை உடனடியாகத் திரும்பக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். மேலும், காட்டேரி கடிக்கும் இடம் ஆரம்பத்திலிருந்தே தவறு. அங்கே இருப்பது தசை."

கீழே ஏழு கையெழுத்து. நாத்தனார் உறையை ஒட்டி, உறையைப் பார்த்தபடியே அவளிடம் நீட்டினார்.

"திங்கக்கெழம போற வழியில தபால்ல போட்டுடு."

தன்னைத் திரும்பக் கேட்கும் மனுவைத் தானே கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் தபால்பெட்டி முன்னால் நின்றாள். போட்டால் என்றைக்காவது விஷயம் வெளியே வரும். நாத்தனாருக்குத் தெரிந்தால் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. போடாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, தொடரில் குழாய்க்கழுத்து இருந்துவிட்டுப் போகும். பின்னால் நின்ற ஆள், "போடறீங்களா இல்லையாம்மா?" என்றார். போட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து அந்தக் கடிதம் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. டீ நேரத்தில் கதை எழுதுகிறவர் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். இதே மாதிரி இன்னும் முப்பது நாற்பது கடிதம் வந்திருக்கிறதாம், ஆனால் விரற்கடை கணக்கெல்லாம் சொன்னது இது ஒன்றுதானாம். அவள் துணி அறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கருகல் வாசனை வந்த பிறகுதான் கையைப் பார்த்தாள். காட்டேரியின் மேலங்கி முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. பதினான்கு வருடத்தில் அவள் ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கியதில்லை.

கதை எழுதுகிறவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதத்துக்குக் கதையே இல்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"இது தப்பு இல்ல சார், இதுதான் கதை" என்றார் டைரக்டரிடம். "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி காட்டேரி கைவிட்ட முதல் பொண்டாட்டி பழிவாங்க வந்திருக்கா. டீச்சரத் தூக்கிப் பாதாள அறையில அடைச்சுட்டு, அவ முகத்த இவ மாட்டிக்கிட்டா. முகத்த மாத்த முடிஞ்சுது, கழுத்த மாத்த முடியல. காட்டேரி கடிக்கக் குனியும்போது கண்டுபிடிக்குது. இது என் காதலி கழுத்து இல்லன்னு பின்னால போகுது."

டைரக்டர் கருகிய மேலங்கியைக் கையில் எடுத்தார். "மேலங்கியில ஓட்டை?"

"அவ வஞ்சத்துல வெச்ச சூடு."

அப்படியாக இரண்டு கழுத்தும் தேவைப்பட்டன. வஞ்சக் கழுத்துக்குச் சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை, பேய்ச் சிரிப்பென்று வைத்துக்கொள்ளலாம். பாதாள அறையில் இருக்கும் உண்மைக் கழுத்துக்கு இவளைக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அதோடு, கடிக்கிற இடம் தவறு என்று எழுதியவரையும் ஒரு நாள் நேரில் வந்து சரியான இடத்தைக் காட்டச் சொல்லலாம் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அது துணி அறைவரைக்கும் எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நாத்தனார் நல்ல உடை உடுத்திக்கொண்டு கிளம்பினார். "பல் டாக்டர்கிட்டப் போறேன்" என்று சாப்பாட்டு மேஜையைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் முதல் முறையாக அவரிடமும் ஒரு ரகசியம் இருந்தது, அது அவருக்குச் சரியாக வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, "கடவாய்ப் பல்லு" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அடுத்த தெருவில் பஸ் ஏறினாள். உட்கார்ந்த பிறகு பார்த்தால் முன் சீட்டில் நாத்தனாரின் பின்னந்தலை. அவள் சால்வையை முக்காடு மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் நாத்தனார் இறங்கினார். பல் டாக்டர் இங்கேயா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அடுத்த நிறுத்தம்வரை போய், இறங்கி, திரும்ப நடந்து வந்தாள். பத்தரை ஆகிவிட்டது. "கழுத்து எங்க, கழுத்து எங்க" என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க அவளை நாற்காலியில் தள்ளி, சால்வையை உருவி, மேக்கப்காரர் பாகைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

அவள் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். காலடிச் சத்தம் கேட்டது.

"இவங்கதான் அந்தக் கடிதம் எழுதினவங்க. எங்க கடிக்கணும்னு காட்டப் போறாங்க" என்றது டைரக்டர் குரல்.

யாரோ குனிந்தார்கள். இரண்டு விரல் அவள் தாடைக்குக் கீழே வந்து, தடவி, நின்றது. குளிர்ந்த, பழக்கப்பட்ட விரல்கள். சோப்பு வாசனை. வீட்டுச் சோப்பு.

"இதுதான். இதேதான்" என்றது நாத்தனாரின் குரல், வீட்டில் அவள் ஒரு நாளும் கேட்டிராத குழைவோடு. "எங்கடி போயிருந்த நீ? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

கழுத்தைப் பார்த்துத்தான் பேசினார். அவளால் கண்ணைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணி" என்றாள்.

விரல் அசையவில்லை. நாத்தனாரின் பார்வை தாடைக்கு ஏறியது, மூக்குக்கு ஏறியது, கண்ணில் வந்து நின்றது. இத்தனை வருடத்தில் அவர் அவள் முகத்தை முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை போல இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். காட்டேரி சார் பல்லை மாட்டிக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தார். பாகு சொட்டியது.

"அப்ப அந்த எறும்பு?" என்றார் நாத்தனார்.

"ஆமா அண்ணி."

"பதினாலு வருஷமா?"

"ஆமா அண்ணி."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவன வீட்ல வெச்சுப் பேசிக்கறேன்."

நாத்தனார் விரலை எடுத்தார். நிமிர்ந்தார். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது கழுத்து நரம்பிலேயே தெரிந்திருக்கும், அவர் அதையும் பார்த்திருப்பார். பிறகு அவர் டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"எதுக்குப்பா நடுவுல இவள மாத்தின?"

"கோடு தெரியுதும்மா, அதான்…"

"பதினாலு வருஷம் வாரா வாரம் ஒருத்தன் வந்து கடிச்சா உனக்குக் கோடு விழாதா? கோடு இல்லாமக் கழுத்து எப்படி மடங்கும்? அந்தக் குழாயக் கொண்டுவந்து வெச்சியே, அது மடங்கிச்சா?"

நாத்தனார் காட்டேரி சாரைப் பார்த்தார்.

"இங்க வாப்பா. வாயத் தொற. இந்தப் பல்லா? இது எலிக்குத்தான் லாயக்கு. சரி, இருக்கறத வெச்சுப் பண்ணு. இதோ இங்க. என் விரல் இருக்கற எடத்துல. காதுகிட்டப் போகாத. அவளுக்கு அங்க கூசும்."

அவளுக்குக் கூசாது. ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

முதல் தடவையிலேயே காட்சி சரியாக வந்தது. காட்டேரி சார், "இவ்வளவு வருஷமாத் தப்பான எடத்துலயே கடிச்சிருக்கேன்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நாத்தனார் அவருக்குத் தயிரில் எதைக் கலந்து சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் அடங்கும் என்று எழுதிக் கொடுத்தார்.

மாலை இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

"நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்றார் நாத்தனார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஒரு நாளாவது, நாந்தான் அண்ணின்னு ஒரு வார்த்த?"

"நீங்க டிவிகிட்டதான அண்ணி சொன்னீங்க."

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுக்கக் குனிந்தார். அவள் தலை சாய்ந்தது. நாத்தனார் கையை நீட்டி அந்தத் தலையை நிமிர்த்தி வைத்தார்.

"அந்தாளு டிக்கெட்தான் தர்றான்" என்றார்.

இப்போது தொடர் மூவாயிரத்து எண்ணூறாவது பகுதியைத் தாண்டிவிட்டது. முதல் மனைவியின் வஞ்சம் இன்னும் தீரவில்லை. அவள் துணி தேய்க்கிறாள், செவ்வாய்க்கிழமைகளில் கடிபடுகிறாள், கழுத்தில் மூன்றாவது கோடு விழுந்திருக்கிறது. நாத்தனார் மாதம் ஒரு தடவை போய்க் கடிக்கிற இடத்தைச் சரிபார்த்துவிட்டு வருகிறார். வெள்ளிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து அவர் கழுத்தைப் பாராட்டுவதில்லை, வீட்டு ஆளை முகத்துக்கு எதிரே புகழ்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "இன்னிக்குச் சாய்ஞ்சது போதாது" என்று மட்டும், திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். புதன்கிழமைகளில் எறும்பு வருகிறது. பொடி டப்பா அலமாரியில் திறக்காமல் இருக்கிறது.